மாப்பிள்ளை வில்லைகள்

தொந்தரவு செய்யாமல் இருப்பதில் இன்று உலகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. ஒருவர் வேகமாக ஓடுவார், ஒருவர் வயலின் வாசிப்பார், எனக்கு இது வந்தது. ஒரு பொருளை அது இருக்கும் இடத்தில், அது இருக்கும் நிலையில், தொடாமல், தட்டாமல், "எப்படி இருக்கே" என்று கேட்காமல் விட்டுவைக்க ஒரு மனத்திடம் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை. பழுத்துவிட்டதா என்று பழத்தை அமுக்கிப் பார்ப்பார்கள். தூங்கிவிட்டாயா என்று தூங்குகிறவனை எழுப்பிக் கேட்பார்கள். நான் அமுக்கவும் மாட்டேன், கேட்கவும் மாட்டேன். இந்தத் திறமைக்காகவே ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி உட்காரவைத்திருந்தார்கள்.

அங்கே நாங்கள் குருத்தெலும்பு வளர்த்தோம். முட்டிக்குள் இரண்டு எலும்பும் உரசிக்கொள்ளாமல் நடுவில் வழுவழுவென்று ஒன்று இருக்கிறதே, அது. ஒருமுறை தேய்ந்துவிட்டால் உடம்பு அதை ஒழுங்காகத் திரும்ப வளர்ப்பதில்லை. அதனால் வெளியே வளர்த்துப் பார்ப்பது எங்கள் வேலை. இறைச்சிக் கடையிலிருந்து வரும் கன்றுக்குட்டி மூட்டிலிருந்து உயிரணுக்களைப் பிரிப்போம். அவற்றைக் கூழ் போன்ற ஒன்றில் கலந்து உறையவைத்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு வில்லைகளாக வெட்டி, இளஞ்சிவப்புத் திரவத்தில் போட்டு, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஓர் அலமாரிக்குள் வைப்போம். அலமாரிக்கு இன்குபேட்டர் என்று பெயர்.

வில்லைகளில் இரண்டு வகை. முதல் வகை அந்த அலமாரிக்குள்ளேயே இருக்கும் ஓர் இயந்திரத்துக்குள் போகும். அதில் வரிசையாகச் சின்னச் சின்னத் தண்டுகள் உண்டு. அவை மேலிருந்து இறங்கி வில்லைகளை லேசாக அமுக்கும், விடும், அமுக்கும், விடும். நிதானமாக நடந்து போகிறவனின் முட்டி என்ன பாடு படுமோ அந்தப் பாடு. இந்த இயந்திரத்தை நாங்கள் மாமியார் என்றுதான் சொல்வோம். அதனிடம் மாட்டிய வில்லைகள் மருமகள்கள். இரண்டாவது வகையை யாரும் தொடமாட்டார்கள். வேளாவேளைக்குத் திரவம் மாற்றுவதோடு சரி, மற்றபடி சும்மா கிடக்கும். அவை மாப்பிள்ளைகள். மருமகள்கள் எவ்வளவு தேறினார்கள் என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க மாப்பிள்ளைகள் வேண்டும். விஞ்ஞானத்தில் இதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். மாப்பிள்ளைகளுக்கு முழுப் பொறுப்பு நான்.

மாமியாருக்குப் பொறுப்பு எங்கள் சீனியர். என்னைவிடச் சில வருடம் மூத்தவர். இந்த வில்லைகளை வைத்து டாக்டர் பட்டம் வாங்க முயன்று, முயற்சியிலேயே முன்தலை நரைத்தவர். மாமியார் ஓடும்போதெல்லாம் கண்ணாடிக் கதவருகே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"அக்கா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. உங்களை ஒருத்தர் நாள் பூரா அமுக்கிட்டே இருந்தா நீங்க வளருவீங்களா?" என்று கேட்டேன்.

"நாள் பூரா யாரு அமுக்குறா? கொஞ்ச நேரம் அமுக்கி, நெறைய நேரம் விடணும். ஓவரா அமுக்கினா செத்துடும்."

"அமுக்காமலே விட்டா?"

"அதுக்குத்தான் உன்னை வச்சிருக்கோம்."

"அப்பவும் எனக்குப் புரியல. அதுபாட்டுக்கு வளர்றதைப் போய் எதுக்கு நோண்டணும்?"

அவர் கண்ணாடிக் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குருத்தெலும்புக்குள்ள ரத்தக்குழாய் கிடையாதுப்பா. நரம்பும் கிடையாது. சாப்பாடு உள்ள போகணும்னா, பஞ்சைப் பிழிஞ்சு விடுற மாதிரி யாராவது பிழிஞ்சு பிழிஞ்சு விடணும்."

"நரம்பு இல்லன்னா வலியும் தெரியாதா?"

"தெரியாது."

"குடுத்து வச்ச ஜென்மம்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. என் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியும்.

வீட்டு நிலவரம் இதுதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க ஊரை மேலே ஏற்றிவிட்டவர். எங்கள் வீடு மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கூண்டுகளின் தலைமேல் குந்தி உட்கார்ந்தே அவருக்கு வலது முட்டி தேய்ந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் திறந்து, தேய்ந்த இடத்தைச் சரிசெய்து மூடினார்கள். எங்கள் வில்லைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் சரக்கு மனிதருக்குள் போக இன்னும் எத்தனையோ காலம் ஆகும். அம்மாதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். அப்பா வீடு திரும்பிய அடுத்த வாரம் அம்மா போய்விட்டாள். இதயம் என்றார்கள். நோயாளி யார் என்பதில் குடும்பமே ஏமாந்துபோனோம்.

அதற்கப்புறம் அப்பா ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வலது காலை நீட்டி முக்காலியில் வைத்துக்கொண்டார். டிவி சத்தமில்லாமல் ஓடும். எதைக் கேட்டாலும் "ம்" என்பார். எனக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காமல் இருப்பதைப்போல இருந்தது. கன்னம் இருக்கிறது, கிள்ளினால் யாரோ ஒருத்தன் கன்னம். வில்லைகளுக்குத் திரவம் மாற்றுவதுபோல அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தேன், தட்டை எடுத்தேன். அவர் என்னைத் தொந்தரவு செய்யவில்லை, நான் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. இதைவிட ஒற்றுமையான வீடு அந்தக் கட்டடத்தில் இல்லை.

இந்த ஒற்றுமையைக் கெடுக்க அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. டாக்டர் சொன்னதை எங்கள் மூவரில் காதில் வாங்கியவர் அவர் ஒருத்தர்தான். டாக்டர் சொன்னது நேரானது: தினமும் முட்டியை மடக்கி நீட்ட வேண்டும். அடுத்த முறை காட்ட வரும்போது நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றும் அளவுக்கு மடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஒட்டிக்கொண்டுவிடும், மயக்க ஊசி போட்டு அவர்களே பிடித்து மடக்க வேண்டியிருக்கும், அதிலும் மடங்காவிட்டால் நீட்டிய காலோடு மிச்ச காலத்தை ஓட்ட வேண்டியதுதான். லிஃப்ட் வேலைக்கு மட்டுமல்ல, எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கே அந்தக் கால் ஆகாது. அப்பா அதற்கும் "ம்" என்றார்.

அத்தை தினமும் பஸ் பிடித்து வருவார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, கைப்பையைச் சுவரோரமாக வைத்துவிட்டு, அப்பாவின் எதிரே ஒரு மடக்குப் பலகையில் உட்காருவார். குதிகாலை இரண்டு கையாலும் ஏந்தி, உள்பக்கமாகத் தள்ள ஆரம்பிப்பார். தள்ளும்போது வாய் சும்மா இருக்காது. உலகத்தில் எவனுக்கும் விடை தேவைப்படாத கேள்விகளாகக் கேட்பார்.

"ஏன் தம்பி, இந்தக் கட்டடத்துக்கு எப்ப பெயின்ட் அடிச்சாங்க?"

"தெரியல."

"நல்லா யோசிச்சுப் பாரு. நீ குடிவரும்போது பச்சையா, மஞ்சளா?"

"மஞ்சள்னு நெனைக்கிறேன்." அப்பாவின் முகம் சுருங்கும். "விடுக்கா. வலிக்குது."

"மஞ்சளா? பச்சைன்னுல்ல நான் நெனச்சேன்." இன்னும் கொஞ்சம் தள்ளுவார். "எதிர்வீட்டுக்காரர் மீசையை எடுத்துட்டாரா என்ன? படியில பார்த்தேன், ஆளே தெரியல."

நான் கதவில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன். "அத்தை, எங்க லேப்ல ஒரு மெஷின் இருக்கு. உங்களை மாதிரியே அமுக்கும். ஆனா அது பேசாது."

"பேசாத மெஷினை நீங்களே வச்சுக்குங்கடா."

"அவரை அவர்பாட்டுக்கு விடுங்க அத்தை. தானா சரியாகும்."

"தானா சரியாகுறது ஜலதோஷம் மட்டும்தான். நீ படிச்ச புள்ள, போய்த் தண்ணி கொண்டா."

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அத்தையைப் போலவே நடித்துக் காட்டுவேன். சீனியரின் குடையைக் குதிகாலாகப் பிடித்துக்கொண்டு, "ஏன் தம்பி, இந்த மின்விசிறிக்கு மூணு இறக்கையா நாலு இறக்கையா, நல்லா எண்ணிப் பாரு" என்பேன். என்னிடம் இருந்த ஒரே உருப்படியான நிகழ்ச்சி அது. மற்றவர்கள் பேர் சொல்லிக் கேட்பார்கள், அத்தை போடு என்று. சீனியர்கூட ஒருமுறை முக்காலியிலிருந்து இறங்கி நின்று சிரித்தார். உலகத்தின் பாதித் துன்பம் சும்மா இருக்கிறவர்களைச் சும்மா விடாததால் வருகிறது என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

ஆனாலும் கால் மடங்கியது. குதிகால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, நாற்காலியின் முன்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்து அத்தையின் மகளுக்கு வெளியூரில் பிரசவ நாள் நெருங்கிவிட்டது.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை," என்றார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "மெதுவா தள்ளு. வலிக்குதுன்னா நிறுத்து, ஆனா விட்டுட்டு எழுந்து போயிடாதே. பேச்சுக் குடு. பேசினா அவன் வலியை மறந்துடுவான்."

"சரி அத்தை."

"சும்மா சரி சரின்னாதே. உங்கப்பனை மாதிரியே இருக்கு."

அவர் போனதும் வீட்டில் மறுபடி ஒற்றுமை வந்தது. முதல் நாள் சாயங்காலம் நான் பலகை வரைக்கும் போனேன். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். "இன்னைக்கு வேணாம்டா," என்றார். வேண்டாம் என்கிறவரை வற்புறுத்துவது என் கொள்கைக்கு விரோதம். அப்புறம் அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. பலகையை மடித்து சுவரில் சாத்திவைத்தேன். அத்தை போனில் கேட்டால், "பண்றோம் அத்தை" என்பேன். பண்றேன் என்று சொல்லவில்லை, பண்றோம் என்றுதான் சொன்னேன். பன்மையில் சொன்னால் பொய் பங்கு பிரிந்துவிடும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஆய்வுக்கூடத்தில் வில்லைகளைச் சோதிக்கும் நாள் வந்தது. இது சீனியரின் கடைசிச் சுற்று. இதில் மருமகள்கள் மாப்பிள்ளைகளைவிட இறுகியிருப்பதைக் காட்டிவிட்டால் அவர் எழுதி முடித்துக் கிளம்பிவிடலாம். சோதனைக்கு வேறொரு கருவி. வில்லையை வைத்தால் ஒரு ஊசிமுனை இறங்கி, எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்து திரையில் கோடு போடும்.

மருமகள்களுக்குக் கோடு நன்றாக ஏறியது. சீனியர் அடுத்ததை வைத்தார். பிறகு என் மாப்பிள்ளைகளை வைத்தார். அந்தக் கோடும் ஏறியது. கிட்டத்தட்ட அதே உயரம்.

"இன்னொண்ணு குடு," என்றார்.

கொடுத்தேன். அதுவும் ஏறியது. தட்டு முழுக்க வைத்துப் பார்த்தோம். என் மாப்பிள்ளைகள் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. மாமியார் வீட்டில் வேலை செய்தவர்களுக்குச் சமமாகத் தேறி நின்றார்கள்.

"நான்தான் சொன்னேனே அக்கா," என்றேன். "சும்மா விட்டாலே போதும்னு."

அவர் எழுந்து போய் இன்குபேட்டர் கதவைத் திறந்தார். நிறுத்தாமல் விட்ட மாமியார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேல்தட்டில் என் மாப்பிள்ளைத் தட்டுகள் இருந்த இடம் காலியாக இருந்தது.

"எங்க வச்சிருந்தே?"

"இங்கதான். மேல்தட்டுல."

"கீழ அந்தப் பக்கத்து இன்குபேட்டர்லதானே வைக்கணும்? அடித்தட்டுல?"

"அதுக்கு ஒவ்வொரு தடவையும் குந்தணும். முட்டி வலிக்குது."

"கையை வை."

மேல்தட்டில் உள்ளங்கையை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மாமியாரின் மோட்டார் ஒவ்வொரு அமுக்கலுக்கும் தகட்டை மெல்ல உதறிக்கொண்டிருந்தது. தூங்குகிற பூனையின் முதுகில் கை வைத்ததுபோல இருந்தது. தட்டில் இருந்த திரவத்தை அது தினமும் ஆட்டியிருக்கும். நான் திரவம் மாற்றிவிட்டு, தொடாமல், தட்டாமல், கேட்காமல் மூடிவைத்த தட்டுகளை.

"இதனாலதான் இறுகிச்சா அக்கா?"

"தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா இதுங்க சும்மா இருந்துச்சுன்னு இனிமே நாம சொல்ல முடியாது. சொல்ல முடியலைன்னா ஒப்பிடவும் முடியாது." குரலில் கோபமே இல்லை. கதவை மூடி, கைப்பிடியில் சற்று நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். "சும்மா வைக்கிற வேலைதானேப்பா உனக்கு. அது ஒண்ணுதானே."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குந்தி உட்கார்ந்து, பக்கத்து இன்குபேட்டரின் அடித்தட்டில் கையை விட்டு, பின்னாலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இந்தச் சுற்றிலேயே ஒதுக்கிவைத்த சில வில்லைகள். திரவத்தை அவரே மாற்றிவந்திருக்கிறார். வேறு யாரும் தொட்டதில்லை, அந்த இன்குபேட்டரில் மோட்டாரும் இல்லை.

இடுக்கியால் ஒரு வில்லையைத் தூக்கினார். பாதி வழியில் அது இரண்டாகப் பிரிந்து திரவத்துக்குள் விழுந்தது. இன்னொன்றைத் தூக்கினார். அது இடுக்கியின் முனையிலேயே வழிந்தது. சோதனைக் கருவிக்குக் கொண்டுபோகிற நிலையில் ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தபோது அத்தனையும் வட்டமாக, வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தன.

"இதுதான் சும்மா இருக்கிறது," என்றார். "நம்ம கிட்ட இருக்கிற ஒரே ஒழுங்கான கன்ட்ரோல். கையளவுகூட இல்ல, இதை வச்சு எதுவும் எழுத முடியாது. திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

ஒரே ஒழுங்கான கன்ட்ரோல் என்பது சரியில்லை. எங்கள் வீட்டு ஹாலில் இன்னொன்று இருந்தது. அதைத் தினமும் நானே பார்த்துக்கொண்டேன், அதன்மேல் எந்த மோட்டாரின் உதறலும் படாமல். அந்த வேலையில் மட்டும் ஒரு பிழையும் செய்யவில்லை. இதைச் சீனியரிடம் சொல்லவில்லை.

"நாளைக்குக் கன்றுக்குட்டி மூட்டு வரும்," என்றார் அவர். "காலையில சீக்கிரம் வந்துடு. கோட்டைத் துவைச்சுட்டு வா."

"சரிக்கா."

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன். மூன்று மாடி ஏறும்போது என் முட்டியின் மேலேயே கவனம் இருந்தது. அது மடங்கியது, நீண்டது. நான் ஒன்றும் கேட்காமலே செய்தது.

அப்பா நாற்காலியில் இருந்தார். டிவியில் யாரோ வாயை மட்டும் அசைத்துச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். துவைக்கக் கொண்டுவந்த வெள்ளைக் கோட்டைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, சுவரில் இருந்த பலகையை எடுத்து விரித்து அவர் எதிரே உட்கார்ந்தேன். முக்காலியை அகற்றிவிட்டு வலது காலைக் கையில் ஏந்தினேன். குதிகால் சில்லென்று இருந்தது. நகம் வளர்ந்திருந்தது. நான் பிடித்த காலுக்குக் கனமே இல்லை, ஆனால் மடக்கப் போனதும் முட்டி பூட்டிய கதவுபோல நின்றது. அத்தை விட்டுப்போன இடம் நாற்காலியின் முன்காலுக்கு ஒரு சாண். இப்போது அது எட்டாத தூரத்தில் இருந்தது.

"என்னடா பண்றே?"

"ஒண்ணும் இல்லப்பா."

தள்ளினேன். அசையவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். அப்பாவின் கை நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தது. அவர் முகத்தில் எதுவோ வந்து போயிற்று. பல நாளாக அந்த முகத்தில் ஒன்றும் வந்து நான் பார்க்கவில்லை.

"விடு. வலிக்குது."

நிறுத்தினேன். காலை இறக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. அவர் மூச்சு சீராகும்வரை ஏந்திக்கொண்டே இருந்தேன். மறுபடி தள்ளினேன்.

"விடுடான்னா."

"இன்னும் எத்தனை நாள்ப்பா இருக்கு டாக்டர்கிட்ட போறதுக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்."

"அடுத்த வாரம். போகும்போது இந்தக் கால் எப்படியும் ஊனணும்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மறுபடி மெதுவாகத் தள்ளினேன். அவர் பல்லைக் கடித்தார். கண் என் கையின் மேலேயே இருந்தது. அது கையிலேயே இருக்கும்வரை தள்ள முடியாது என்று தெரிந்தது. வேறு எதையாவது பார்க்கவைக்க வேண்டும். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன்.

"அப்பா, நம்ம படிக்கட்டுல ரெண்டாவது மாடியில ஒரு படி மட்டும் உசரமா இருக்குமே. அது ஏன்?"

"எந்தப் படி?"

"திருப்பத்துல. தடுக்குமே."

"அது கட்டினவன் தப்பு," என்றார். கண் என் கையிலிருந்து எழுந்து வாசல் பக்கம் போயிற்று. "உங்கம்மா ஒவ்வொரு தடவையும் அதுல இடிச்சுப்பா."

குதிகால் விரல்கடை அளவு உள்ளே வந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை. காலை நீட்டிவிட்டேன், கொஞ்சம் ஓய்வு கொடுத்தேன், மறுபடி பிடித்தேன்.

"எந்தக் கால்ல இடிச்சுப்பாங்க?" என்று கேட்டேன். "வலதா, இடதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அப்பா யோசிக்க ஆரம்பித்தார். நான் மெதுவாகத் தள்ளினேன்.